உரோமப் படைவீரனின் சட்டியை இங்கே செய்து, அதிலேயே சமைக்கலாமா?

கொட்டகலை டீச்சர்

எல்லோருக்கும் வணக்கம். உயர்தரத்தில் கிரேக்க உரோம நாகரிகம் படிக்கும் பிள்ளைகள் பாடசாலைக் கண்காட்சிக்காக ஒரு உரோமப் படைவீரனின் நடைப்பயணச் சுமையை முழுதாகச் செய்கிறார்கள். கேடயம், ஈட்டி, தோல் பை எல்லாம் பலகையிலும் மட்டையிலும் முடிந்துவிட்டது. சமையல் பாத்திரம் மட்டும் நிஜ உலோகத்தில் வேண்டும், அதில் அன்றைய சாப்பாட்டைச் சமைத்தும் காட்ட வேண்டும் என்று நிற்கிறார்கள்.

படங்களில் நீளக் கைப்பிடி வைத்த சட்டி ஒன்றும், வாளி மாதிரி ஒன்றும் தெரிகிறது. அது செம்பா, பித்தளையா, வெண்கலமா? அளவு என்ன? பிலிமத்தலாவைப் பக்கத்துப் பட்டறைகளில் சொன்னால் வார்த்துத் தருவார்களா, இல்லை தகட்டில் அடித்து எடுப்பது லேசா? முக்கியமாக, அதில் சமைத்ததைப் பிள்ளைகளுக்குச் சாப்பிடக் கொடுக்கலாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழஞ்சுவடு (கண்டி)

டீச்சர், நீங்கள் பார்த்த படம் பெரும்பாலும் உரோமிலுள்ள திராஜன் தூணிலிருந்து எடுத்ததாக இருக்கும். கி.பி. 113இல் திறந்த தூண் அது. தான்யூப் ஆற்றில் படகுகளைக் கோத்துப் போட்ட பாலத்தின் மேல் படை கடக்கிற காட்சியில், ஒவ்வொருவர் தோளிலும் ஒரு கம்பு. கம்பின் தலையில் போர்வைச் சுருள், தோல் பை, வலைப் பை, கைப்பிடிச் சட்டி, வாளி. சட்டிக்கு நூல்களில் பட்டெரா அல்லது ட்ருல்லா என்றும் வாளிக்கு சிட்டுலா என்றும் பெயர் போட்டிருப்பார்கள்.

சட்டி வெண்கலம். அதாவது செம்பும் வெள்ளீயமும் கலந்தது. நல்லவை தென் இத்தாலியில் கம்பானியா பகுதியில், குறிப்பாகக் கப்புவா நகரத்துப் பட்டறைகளில் வந்தவை. புப்லியுஸ் சிபியுஸ் பொலிபியுஸ் என்ற பட்டறைக்காரரின் முத்திரை கைப்பிடியில் குத்திய சட்டிகள் பொம்பேயிலும் கிடைத்திருக்கின்றன, ஸ்கொட்லாந்திலும் கிடைத்திருக்கின்றன. பொம்பே கி.பி. 79இல் புதைந்த ஊர் என்பதால் இந்தப் பாணிச் சட்டியின் காலத்தில் சந்தேகமில்லை. உங்கள் வீரனை முதலாம் நூற்றாண்டின் கடைசி, இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கம் என்று வைத்துக்கொண்டால் எல்லாம் பொருந்தும்.

உருவம் இப்படி: வாய் அகலம், அடி கொஞ்சம் ஒடுக்கம், அடிப்பாகம் தட்டை. கைப்பிடி வாய் விளிம்போடு சேர்த்து ஒரே வார்ப்பு. தட்டையாக நீண்டு போய் நுனியில் வட்டமாக விரியும், அந்த வட்டத்தில் தொங்கவிட ஒரு துளை. கைப்பிடியின் நீளம் ஏறக்குறைய வாயின் விட்டத்துக்குச் சமம். அளவுகள் சட்டிக்குச் சட்டி மாறும். நீங்கள் வாய் 16 செ.மீ., அடி 11 செ.மீ., ஆழம் 8 செ.மீ., கைப்பிடி 15 செ.மீ. என்று வைத்துக்கொண்டால் தப்பில்லை. விளிம்பு வரை நிரப்பினால் 1.1 லீற்றர் சொச்சம் பிடிக்கும். பொங்காமல் சமைக்க முக்கால் லீற்றர். ஒரு ஆளுக்கு ஒரு வேளைக்குப் போதுமான சட்டி அது. எட்டுப் பேர் ஒரு கூடாரத்தில் இருந்தாலும் சட்டி அவனவனுடையது. கைப்பிடியில் சொந்தக்காரன் பெயரையும் அவன் நூற்றுவர் அணியையும் புள்ளி புள்ளியாகக் குத்தி வைத்த சட்டிகள் கிடைத்திருக்கின்றன. கூடாரத்துக்குப் பொதுவானது திருகையும் பெரிய அண்டாவும். அவை கோவேறு கழுதை மேல் போகும்.

அடியைத் திருப்பிப் பாருங்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். ஒன்றுக்குள் ஒன்றாக மேடிட்ட வளையங்கள், நடுவில் ஒரு புள்ளி. வார்த்த பின் கடைசல் பிடித்த அடையாளம் அது. மெல்லிய அடி சூட்டில் நெளியாமல் அந்த வளையங்கள் பிடித்துக்கொள்ளவும் உதவும். உள்பக்கம் வெள்ளீயம் பூசியிருக்கும். அதே 79இல் பொம்பேயைப் புதைத்த வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது இறந்த உரோம எழுத்தாளர் மூத்த பிளினி, செம்புப் பாத்திரத்துக்கு ஈயம் பூசினால் ருசி நன்றாக இருக்கும், களிம்பின் விஷம் அடங்கும் என்று எழுதி வைத்திருக்கிறார். சமைத்துச் சாப்பிடப் போகிறீர்கள் என்றால் இந்தப் பூச்சை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

பட்டறைக்காரன்

டீச்சர், வார்ப்பிலயும் செய்யலாம், தகட்டிலயும் செய்யலாம். ரெண்டுக்கும் வேற வேற சிக்கல் இருக்கு.

வார்ப்புன்னா முதல்ல உலோகத்தப் பத்திப் பேசுங்க. பட்டறைல பெரும்பாலும் ஓடுறது பித்தளை, அதுவும் பழசு உருக்கினது. பழைய தண்ணிப் பைப்பு, வால்வு உருக்கின பித்தளைல காரீயம் கலந்திருக்கும், கடைசலுக்கு லேசா இருக்கணும்னு கம்பெனிக்காரங்களே சேர்க்கிறது. குத்துவிளக்குக்கு அது பரவாயில்ல, சோறு ஆக்குற சட்டிக்கு ஆகாது. "புதுச் செம்பு ஒன்பது பங்கு, வெள்ளீயம் ஒரு பங்கு" அப்டினு சொல்லி வெண்கலமாவே உருக்கச் சொல்லுங்க. இது 1,000 பாகை செல்சியசுக்குக் கிட்ட முழுசா உருகிரும். பித்தளை மாதிரி துத்தநாகப் புகையும் வராது.

ஒன்றரை மில்லிமீற்றர் சுவரை நேரடியா வார்க்கப் போனா உலோகம் அச்சுல பாதியிலயே உறைஞ்சு ஓட்டை விழும். அதனால 3 மி.மீ. கனத்துல வார்த்து, உள்ளயும் வெளியயும் கடைஞ்சு 1.5க்குக் கொண்டுவாங்க. அடிய மட்டும் 3 மி.மீ.லயே விட்டு வளையம் வெட்டணும். அப்டி எடுத்தா மொத்தம் 850, 900 கிராம் வரும். அச்சுப் பண்ணும்போது ஒவ்வொரு அளவுக்கும் நூத்துக்கு ஒன்றரை கூட வைக்கணும், ஆறும்போது அவ்வளவு சுருங்கும்.

கடைசல்ல ஒரு ஆபத்து இருக்கு. கைப்பிடி ஒரு பக்கமா நீட்டிக்கிட்டே சுத்தும். வேகமா ஓட்டினா மெசின் ஆடும், கை பட்டா எலும்பு போயிரும். நிமிசத்துக்கு 150, 200 சுத்துக்கு மேல போகக்கூடாது, கைப்பிடிக்கு எதிர்ப்பக்கம் அதே எடைக்கு ஒரு இரும்புத் துண்டு முகத்தட்டுல பூட்டணும். வெளிச்சுவரைக் கடையும்போது உளிய அடிப்பக்கத்துல இருந்துதான் கொண்டுவரணும், வாய்ப்பக்கம் போனா கைப்பிடி அடிச்சிரும். இந்த வேலை நேரத்துல பிள்ளைகள் பக்கத்துல நிக்கவே வேணாம்.

தகடுன்னா 1.2 மி.மீ. செம்புத் தகடு, 25 செ.மீ. வட்டம் ஒண்ணு போதும். மரக்கட்டைக் குழில வச்சு மரச் சுத்தியலால அடிச்சு இறக்கணும். ஒரு சுத்து அடிச்சதும் செம்பு விறைச்சிரும். மங்கின சிவப்பு வர்ற வரை காய்ச்சித் தண்ணில போட்டா திரும்ப மெதுவாகும். இத விட்டுட்டு விறைச்ச தகட்டையே அடிச்சா விளிம்புல கீறு விடும். விளிம்பை வெளியே மடிச்சு அடிச்சா வாய் கோணாது. கைப்பிடி 4 மி.மீ. பட்டை, மூணு செம்பு ஆணி. ஆணிய விளிம்புக்குக் கீழ ஒரு செ.மீ.க்குள்ளயே அடிங்க, அதுக்குக் கீழ போனா கஞ்சி கசியும். ஆனா இது உரோமக்காரன் சட்டி மாதிரி இருக்கும், உரோமக்காரன் செஞ்ச முறை இல்ல. கண்காட்சி அட்டைல அத எழுதிருங்க.

இன்னொண்ணு, செம்பு சூட்டை வெண்கலத்த விட ஆறேழு மடங்கு வேகமாக் கடத்தும். செம்புக் கைப்பிடி அஞ்சு நிமிசத்துல பிடிக்க முடியாது. வெண்கலக் கைப்பிடியும் சுடும், ஆனா நுனிக்குச் சூடு வர நேரம் எடுக்கும். ரெண்டுக்குமே துணி வேணும்.

ஈயம் பூசுறத விவரமாச் சொல்றேன், இதுலதான் நிறைய பேர் கெடுத்துக்கிறாங்க. சுத்த வெள்ளீயம் 30 கிராம் போதும். வயர் ஒட்டுற ஈயக் கம்பி வேணவே வேணாம், அதுல காரீயம் இருக்கும். முதல்ல சோடாத் தண்ணில கொதிக்க வச்சு எண்ணெப் பிசுக்கை எடுங்க. அப்புறம் புளியும் உப்பும் போட்டு உள்பக்கத்த ரோஸ் நிறம் வர்ற வரை தேயுங்க, கழுவுங்க, அதுக்குப் பிறகு விரலே படக்கூடாது. வெளிப்பக்கம் சுண்ணாம்பைக் கரைச்சுப் பூசிருங்க, ஈயம் அங்க ஒட்டாது. கரியடுப்புல சட்டியத் திருப்பித் திருப்பிக் காட்டிச் சமமாச் சூடு ஏத்துங்க. ஈயத் துண்டை உள்ள தொட்டுப் பார்த்தா உருகி ஓடணும். அதான் பதம், 232 பாகைக்குக் கொஞ்சம் மேல. உடனே நவச்சாரத் தூள் ஒரு சிட்டிகை தூவி, இடுக்கில பிடிச்ச பஞ்சால ஈயத்தை இழுத்துத் தேயுங்க. வெள்ளைப் புகை குப்புனு வரும், அது தொண்டையை அறுக்கும். வெளிக்காத்துல, காத்து முதுகுக்குப் பின்னால இருக்கிற மாதிரி நின்னு செய்யணும்.

ஒட்டாம கறுப்புத் திட்டு தெரிஞ்சா அங்க பிசுக்கு இருந்திருக்கு, அந்த இடத்தை மட்டும் திரும்பத் தேய்ச்சுப் பூசலாம். ஈயம் மஞ்சளாவோ நீலமாவோ மாறினா சூடு கூடிப்போச்சு. மணல் மாதிரி சொரசொரப்பா வந்தாலும் அதேதான்.

மூடுபனி

நல்ல விளக்கங்கள். ஆனால் ஒரு மறுப்பு உண்டு. இந்தக் கைப்பிடிச் சட்டிகள் பல இடங்களில் அதே அளவுள்ள வடிகட்டியோடு ஜோடியாகக் கிடைக்கின்றன. வடிகட்டி சட்டிக்குள் கச்சிதமாக உட்காரும். அப்படியென்றால் இது வைனை மொண்டு வடிக்கிற அகப்பை, அடுப்பில் ஏறிய பாத்திரம் இல்லை என்று சொல்கிற ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு "இதில்தான் சமைத்தான்" என்று அடித்துச் சொல்ல வேண்டுமா?

பழஞ்சுவடு (கண்டி)

மூடுபனி சொல்வதில் பாதி சரி. வடிகட்டியோடு ஜோடியாக வருவது வேறு வகை. அதன் உடல் அரைப்பந்து போல உருண்டிருக்கும், அடி தட்டையில்லை, சுவர் இன்னும் மெல்லியது. அது வைன் பரிமாறும் சாமான்தான், அதில் எனக்கும் மறுப்பில்லை. நாம் பேசுவது தட்டையான, வளையம் வெட்டிய கனத்த அடி உள்ள சட்டியைப் பற்றி. மொண்டு ஊற்ற மட்டும் என்றால் அடியை மட்டும் இவ்வளவு கனமாக வைத்து, மற்ற எல்லா இடத்திலும் உலோகத்தைச் சுரண்டிக் குறைத்திருக்கத் தேவையில்லை. அதற்காக அதில் சமையல் தவிர வேறெதுவும் நடக்கவில்லை என்று சொல்லவும் மாட்டேன். தண்ணீர் மொள்ள, கூழ் குடிக்க, தானியம் அளக்க எல்லாவற்றுக்கும் கையில் இருந்தது அந்த ஒன்றுதான்.

படைவீரனிடம் சமையல் பாத்திரம் இருந்ததற்கு எழுத்துச் சான்றும் இருக்கிறது. கி.மு. 134இல் ஸ்பெயினில் நுமான்டியா முற்றுகைக்குப் போன உரோமத் தளபதி சிப்பியோ எமிலியானுஸ், படையில் பெருகிப்போயிருந்த ஆடம்பரச் சாமான்களையெல்லாம் விற்கச் சொல்லிவிட்டு, ஒவ்வொருவனுக்கும் ஒரு சூலம் (இறைச்சியைக் கோத்துச் சுடும் கம்பி), ஒரு வெண்கலப் பானை, ஒரு குவளை மட்டும் விட்டுவைத்தார் என்று வரலாற்றாசிரியர் அப்பியன் எழுதுகிறார். இறைச்சிக்குச் சூலம், தானியத்துக்குப் பானை. இந்தப் பிரிவைக் கண்காட்சியில் காட்டினால் பிள்ளைகளுக்குச் சட்டியின் வேலை விளங்கும்: அது வேக வைக்கிற பாத்திரம், பொரிக்கிற பாத்திரம் இல்லை. பொரிக்க இரும்புத் தாச்சி தனியாக இருந்தது, கைப்பிடி மடங்குகிற மாதிரி செய்தவையும் கிடைத்திருக்கின்றன. இரும்பு மண்ணுக்குள் துருப்பிடித்துப் போய்விடுவதால் அருங்காட்சியகங்களில் வெண்கலமே அதிகம் கண்ணில் படுகிறது.

கொட்டகலை டீச்சர்

மிகவும் நன்றி. வார்ப்பு வேலையின் ஆபத்தைப் பார்த்தால் பள்ளிக்கூடத்துக்குத் தகட்டுச் சட்டிதான் சரி. ஈயம் பூசுவதைப் பட்டறையிலேயே முடித்து வாங்குகிறோம். இனிச் சமையல். என்ன தானியம், எவ்வளவு தண்ணீர்? பன்றிக் கொழுப்பில் தாளித்தான் என்று ஒரு பிள்ளை எழுதியிருக்கிறாள், அதை இந்தச் சட்டியிலேயே செய்யலாமா?

அடுப்படி (பண்டாரவளை)

டீச்சர், கொழுப்பை இந்தச் சட்டியில் உருக்கவே கூடாது. தண்ணீர் இருக்கிற வரை சட்டியின் உள்பக்கம் கொதிநிலையைத் தாண்டாது, ஈயத்துக்கு ஒன்றும் ஆகாது. வெறும் சட்டியிலோ கொழுப்பிலோ சூடு 200ஐத் தாண்டி ஓடும். விறகடுப்பில் ஈயம் உருகுகிற 232 பாகையைத் தொடுவது கண்மூடித் திறக்கிற நேரம். ஈயம் உருண்டு திரண்டு கஞ்சிக்குள் விழும். பன்றிக் கொழுப்பை ஒரு இரும்புத் தாச்சியில் உருக்கிக் கடைசியில் மேலே ஊற்றுங்கள். கொழுப்பு சாப்பிடாத பிள்ளைகளுக்கு ஒலிவ் எண்ணெய். அதுவும் உரோமப் படையில் புழங்கியதுதான்.

தானியம் முழுக் கோதுமை. பொலிபியுஸ் என்ற வரலாற்றாசிரியர் (சட்டியில் முத்திரை குத்தியவர் வேறு ஆள்) தருகிற காலாட்படை அளவைக் கணக்குப் பார்த்தால் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 850 கிராமுக்குக் கிட்ட வரும். அதை மாவாகப் பிரித்துக் கொடுக்கவில்லை, தானியமாகவே கொடுத்தார்கள், அவன்தான் திரித்துக்கொள்ள வேண்டும். கடை ஆட்டா மாவில் கஞ்சி காய்ச்சினால் பசையாகிவிடும், அன்றைய சாப்பாடு அப்படி இருந்திருக்காது. குரக்கன் திரிக்கிற திருகை யார் வீட்டிலாவது இருக்கும், அதைக் கொண்டுவரச் சொல்லுங்கள். முழுக் கோதுமையை ஒரே ஒரு தடவை திரித்தால் ஒன்று மூன்று நான்காக உடையும், மாவும் கொஞ்சம் சேரும். அந்தக் கலவைதான் வேண்டும். உடைசல் கடிபட இருக்கும், மாவு கஞ்சியைக் கட்டும்.

ஒரு சட்டிக்கு 130 கிராம் உடைத்த கோதுமை, 600 மி.லீ. தண்ணீர், அரைத் தேக்கரண்டி உப்பு. உடைசலை முதல் நாள் இரவே ஊறப் போடுங்கள், ஆனால் சட்டியில் வேண்டாம், மண் பாத்திரத்தில். கடற்கரை ஊரில் ஊறிய உடைசல் அரை மணியில் வெந்துவிடும். நம் ஊரில் நடக்காது. 300 மீற்றர் ஏறினால் கொதிநிலை ஒரு பாகை இறங்கும். ஹட்டன், கொட்டகலைப் பக்கம் தண்ணீர் 96க்குக் கிட்டவே கொதித்துவிடும், 1,868 மீற்றரில் இருக்கிற நுவரெலியாவில் 94. அதனால் 40, 45 நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள், இன்னொரு 150 மி.லீ. சுடுதண்ணீரைப் பக்கத்தில் வைத்து இடையில் ஊற்றுங்கள். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் கொதி அடங்கி, உடைசலின் நடு வேகாமல் நிற்கும்.

மைசூர்ப் பருப்பு 30 கிராம் சேர்க்கலாம். பருப்பு உரோமக்காரன் தின்றதுதான், உருளைக்கிழங்கும் தக்காளியும் மிளகாயும் கிடையாது. பிள்ளைகள் யாராவது ருசிக்காக மிளகாய் போட்டுவிடப் பார்ப்பார்கள், கண் வைத்துக்கொள்ளுங்கள். மிளகு போடலாம்.

நெருப்புக்குக் கவ்வாத்து மிலாறு (தேயிலைச் செடியைக் கத்தரித்த குச்சி) நன்றாக இருக்கும், காய்ந்தது கிடைத்தால். மெல்லிய குச்சி, சுவாலை சீக்கிரம் ஏறி சீக்கிரம் அடங்கும். ஒரு பிடி வைக்க, ஒரு பிடி இழுக்க என்று சூட்டைக் கையில் வைத்திருக்கலாம். பெரிய சவுக்குக் கட்டையைப் போட்டால் சுவாலை சட்டியின் பக்கத்தில் ஏறிக் கைப்பிடியைச் சுட்டு, விளிம்பை ஒட்டிய கஞ்சியைக் கருக்கும். மூன்று கல் வைத்து, கைப்பிடி காற்று வருகிற பக்கம் நீட்டி இருக்கட்டும். சட்டி மெல்லியது என்பதால் கட்டியாகும் நேரத்தில் நடுவில் அடிப்பிடிக்கும். கடைசிப் பத்து நிமிடம் சுவாலையை எடுத்துவிட்டுத் தணல் மேல் வையுங்கள், மர அகப்பையால் அடியைத் தடவிக்கொண்டே இருங்கள். இரும்புக் கரண்டி போட்டால் ஈயம் கீறும்.

வினாகிரி கலந்த தண்ணீர், பொஸ்கா, அதையும் பிள்ளைகள் செய்து பார்க்க விரும்புவார்கள். அதை மண் கோப்பையில் கலக்குங்கள். ஈயம் எங்காவது தேய்ந்திருந்தால் புளிப்பு செம்பைக் கரைத்துக்கொண்டு வரும். வாயில் உலோக ருசி தட்டினால் அப்படியே கொட்டிவிட வேண்டும். கஞ்சியையும் சட்டியிலேயே ஆறப்போடாமல் வெந்ததும் மாற்றிவிடுங்கள்.

கழுவும்போது தும்பும் சாம்பலும் போட்டுத் தேய்க்கிற பழக்கம் நம்மவர்களுக்கு உண்டு. இதற்கு அது ஆகாது, நாலைந்து தரத்தில் செம்பு வெளியே தெரிந்துவிடும். சுடுதண்ணீர் ஊற்றி ஊறவிட்டுத் துணியால் துடைத்தால் போதும். உடனே ஈரம் போகத் துடைத்து வையுங்கள், நம் மழைக்கும் பனிக்கும் வெளிப்பக்கம் ஒரு கிழமையில் கறுத்துப் பச்சை பூக்கும்.

மீதிக் கோதுமையை நன்றாகத் திரித்து உப்புத் தண்ணீரில் பிசைந்து, கனத்த றொட்டியாகத் தட்டித் தணலில் சுடலாம். கரகல்லா பேரரசர் (ஆட்சி 211 முதல் 217 வரை) படையோடு இருக்கும்போது தன் பங்குத் தானியத்தைத் தானே திரித்துத் தணலில் சுட்டுச் சாப்பிட்டார் என்று வரலாற்றாசிரியர் ஹெரோடியன் எழுதியிருக்கிறார். கஞ்சி அடுப்பில் இருக்கும்போதே பக்கத்தில் றொட்டியும் வேகும், ஒரே நெருப்பு.

மூடுபனி

அடி தட்டை, அடி உருண்டை என்று பழஞ்சுவடு பிரித்தது எனக்குத் திருப்தி. டீச்சர், கண்காட்சியில் இரண்டு வடிவத்தையும் அட்டையில் வரைந்து பக்கத்தில் வைத்தால் பார்ப்பவர்களுக்கும் அந்த வேறுபாடு பிடிபடும்.

சுமை கட்டுவதைப் பற்றியும் சொல்கிறேன். மீளுருவாக்கம் செய்பவர்கள் பெரும்பாலும் ஆளின் தோள் உயரத்துக்குக் கிட்ட ஒரு கம்பும், தலையில் அரை மீற்றருக்குக் கிட்ட ஒரு குறுக்குக் கம்பும் எடுக்கிறார்கள். போர்வைச் சுருளை முதலில் குறுக்குக் கம்போடு சேர்த்துக் கட்டுங்கள். சட்டியைக் கைப்பிடித் துளையில் வார் கோத்துத் தொங்கவிட்டால் நடக்க நடக்க வாளியில் மோதி "டங் டங்" என்று அடிக்கும், வாயும் நசுங்கும். சட்டியின் உடலை வலைப் பைக்குள் திணித்துக் கைப்பிடியை மட்டும் கம்போடு இன்னொரு வாரால் கட்டிவிடுங்கள். கனமான தானியப் பை கம்பின் தலையில் ஏறினால் தோள் முதலில் சோர்ந்துபோகும், அதைக் குறுக்குக் கம்புக்குக் கீழே, தோளுக்குப் பக்கமாக இறக்குங்கள். கம்புக்கு நேரான சவுக்குக் கிளை போதும், பட்டையை உரித்து இரண்டு கிழமை நிழலில் காய விடுங்கள். பச்சையாக எடுத்தால் சுமையில் வளைந்து அப்படியே நின்றுவிடும்.

பட்டறைக்காரன்

டீச்சர், கைப்பிடில பேரைக் குத்துறதா இருந்தா, தட்டையா இருக்கும்போதே, ஆணியடிக்க முன்னாடியே குத்தச் சொல்லுங்க. பொருத்தின பிறகு குத்தினா அடி தாங்காது, ஆணி தளரும். ஈயம் பூசினதுக்கு அப்புறம்னா பூச்சும் தெறிச்சிரும். மழுங்கின ஆணி முனை, ஈயக்கட்டி மேல வச்சு லேசான தட்டு, எழுத்துக்கு எட்டுப் பத்துப் புள்ளி.